மாமாட கார்

இன்று காலை கிணற்றடியில் உங்கள் காரின் போர்வையை ஊற வைத்தேன். மருதமுனையில் சொல்லி நெய்வித்தீர்களே, அந்தத் தடித்த துணி. தண்ணீர் பட்டதும் அதிலிருந்து ஒரு வாடை எழும்பியது. பெற்றோலும் உப்பும் இரும்புக் கறளும் சேர்ந்த வாடை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், கல்லில் அடித்தேன். கறள் பிடித்த இடம் வெளுக்கவே இல்லை. நம் மகள் பரீதா வந்து பார்த்துவிட்டு, "எறிஞ்சி போடுங்க உம்மா, என்னத்துக்கு இதோட மல்லுக்கட்டுறீங்க?" என்றாள்.

"ஒங்கட வாப்பாவோட மல்லுக்கட்டி இன்னும் முடியல்ல" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஸலாம் சொல்லித்தான் எதையும் தொடங்க வேண்டும், தெரியும். ஆனால் நான் கோபமாக இருக்கிறேன். கபுறுக் குழியில் இருக்கிற மனிதனோடு கோபிக்கலாமா என்று பள்ளி லெப்பையிடம் கேட்டால் கூடாது என்பார். அதனால் கேட்கவில்லை. நீங்கள் மௌத்தாகி ஒரு வருடம் கழிந்துவிட்டது. விதவைக்கு விதித்த இத்தா இருந்த காலத்தில் அறைக்குள் கிடந்து அழுதேன். வந்த பெண்கள் எல்லாரும் சபூர் செய், பொறுத்துக்கொள் என்றார்கள், செய்தேன். இத்தா கழிந்து முற்றத்துக்கு வந்த அன்று தெருவால் எங்கள் வாப்பாவின் பழைய கார் போனது. ஹோர்ன் சத்தம்கூட மாறவில்லை. கார் இருக்கிறது, புருஷன் இல்லை. அன்றைக்குத் தொடங்கிய கோபம் இது.

அந்தக் காரில்தான் நீங்கள் எனக்கு மாப்பிள்ளையாக வந்தீர்கள். உலக யுத்தத்துக்கு முன்னம், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது வாப்பா அவரிடம் வாங்கியது. கறுப்பு நிறம், நீண்ட மூக்கு, தோல் இருக்கை, கதவின் உட்பக்கம் மினுக்கிய மரப்பலகை. கதவைச் சாத்தினால் பள்ளிவாசலின் பெரிய கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு கனத்த சத்தம் வரும். பெண்கள் இருந்து போவதற்காக வாப்பா ஜன்னல்களுக்குப் பித்தளைக் கம்பி போட்டுத் திரை தொங்கவிட்டிருந்தார். எனக்கு வீடும் வளவும் வயலும் சீதனமாக எழுதியவர், காரை உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். பெண்ணுக்கு வீடு, ஆண் அந்த வீட்டுக்கு வந்து இருப்பது, இதுதானே நம் ஊர் வழக்கம். உங்கள் உம்மா வீட்டிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் புறப்பட்டபோது காரோடு ஓடி வந்த பொடியன்கள், "மாமாட கார்ல மாப்புள வாறார்! மாமாட கார்ல மாப்புள வாறார்!" என்று கத்தினார்கள். மணவறைக்குள் இருந்த எனக்கே கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை என்பது பல வருடம் கழித்து நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காரின் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர், ஊர் வாயில் மாமாட கார், மாமனாருடைய கார். பள்ளிக்கு நடந்து போனால், "மாமாட கார் எங்க, பழுதா?" என்பார்கள். வட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனால் வயற்காரன், "மாமாட கார் வந்திட்டு" என்று வரம்பிலிருந்து குரல் கொடுப்பான். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. பழக்கத்தில் சொன்னார்கள். உங்களுக்கு அது ஒவ்வொரு முறையும் தைத்தது.

ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்து சொன்னீர்கள். "ஊடு உன்ட. வளவு உன்ட. கிணறும் உன்ட. எனக்கெண்டு தந்தது ஒரு கார், அதுவும் மாமாடயாம்."

"ஊருல எல்லா ஆம்புளையளும் இப்பிடித்தானே இரிக்காங்க?" என்றேன்.

"இரிக்காங்க. எனக்கு ஏலாம இரிக்கு."

சோற்றை முடிக்காமல் எழும்பிப் போனீர்கள்.

அந்தப் பழைய கார் பழுதானதே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பழுதானது. வேனில் காலத்தில் ஏற்றம் ஏறினால் கொதித்து ஆவி கக்கும். பெற்றோலை மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரிக் குடிக்கும். திருப்பத்தில் வளைப்பதற்குத் தோள் பலம் வேண்டும். ஆனால் பழுதானால் என்ன பழுது என்று திறந்து பார்த்தாலே தெரியும். கல்முனைக் கொல்லனிடம் கொடுத்து அடித்துச் சரிசெய்யலாம். நம் கலியாணத்துக்கு முன்னம், யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல் வருடக்கணக்கில் கொட்டிலில் கிடந்தது. இருக்கைக்குள் எலி குட்டி போட்டது. யுத்தம் முடிந்து வாப்பா ஆட்களை வைத்து முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுழற்றினார். செருமியது, புகை விட்டது, ஓடியது. ஒரு மாரியில் கிட்டங்கித் தாம்போதியில் தெருவுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தபோது, மாட்டு வண்டிகளே நின்றுவிட்ட இடத்தில், கதவுக்குக் கீழால் தண்ணீர் உள்ளே வர வர என்னையும் கைக்குழந்தையையும் இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் காரின் மூக்கைத் தடவிக் கொடுத்தீர்கள். நான் பார்த்தேன். உங்களுக்கும் அதன்மேல் பிரியம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

வாப்பா மௌத்தானார். அவர் பெயரில் கத்தம் ஓதி முடியும்வரை பொறுத்தீர்கள், அந்த மரியாதைக்கு நன்றி. அடுத்த கிழமையே காரை விற்றீர்கள். வாங்கியவர் சாய்ந்தமருது ஆதம்பாவா, உங்களோடு ஓதப்பள்ளியில் ஒன்றாக ஓதியவர். மட்டக்களப்புக்கு வாடகைக்கு ஓட்டப் போவதாகச் சொன்னார். எங்கள் வாப்பா தலைப்பாகையோடு இருந்து போன இடத்தில் கருவாட்டுச் சிப்பம் ஏறப் போகிறது என்று நான் அழுதேன். "தகரத்துக்கு அழுறாய்" என்றீர்கள். எங்கள் வாப்பாவுக்கு அழுகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கல்லோயா அணைக்கட்டுத் தண்ணீர் வந்து நம் வட்டையில் இரண்டு போகமும் நன்றாக விளைந்த காலம் அது. நீங்கள் கொழும்புக்குப் போய்ப் புதுக் காரோடு வந்தீர்கள். இளநீலம். முன்னாலும் பின்னாலும் முகம் பார்க்கிற மாதிரி நிக்கல். பின்பக்கத்தில் சுறாவின் செட்டை மாதிரி இரண்டு பக்கமும் தூக்கி நின்றது. ஊரே வந்து பார்த்தது. பொத்தானை அமத்தினால் கண்ணாடி தானாக இறங்கியது. கியர் என்று ஒன்று இல்லை, அதுவே மாற்றிக்கொள்ளும் என்றீர்கள். உள்ளே ரேடியோ பாடியது. நியாயத்தைச் சொல்ல வேண்டும், என்ன சுகமான கார்! பொத்துவிலுக்குப் போனோமே, குழி ஒன்றும் தெரியவில்லை. கறுப்புக் காரில் போனால் முதுகெலும்பை எண்ணலாம். இதில் நான் தூங்கிப்போனேன். திருக்கோவிலைத் தாண்டும்போது விழித்துப் பார்த்தால் நீங்கள் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு பாட்டுக்குத் தாளம் போடுகிறீர்கள். எனக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அந்த முகத்தை நான் கண்டதில்லை. அந்த ஒரு பயணத்துக்காக அந்தக் காரை மன்னிக்கலாம் போல எனக்குச் சில நாள் தோன்றும். பிறகு தோன்றாது.

திரை போட வழி இல்லாத கார் அது. கண்ணாடி எல்லாம் பெரிது பெரிதாக வளைந்து கிடந்தது. கம்பி அடிக்கச் சொன்னேன். "புதுக் கார்ல ஆணி அடிக்கிறதா? உனக்கென்ன விசரா?" என்று பாய்ந்தீர்கள். ஊருக்குள் போகும்போதெல்லாம் நானும் பரீதாவும் ஆளுக்கொரு பக்கம் சீலையை விரித்துக் கண்ணாடியோடு பிடித்துக்கொண்டே வந்தோம். கை கடுக்கும். இறங்கியதும் அவள் கையை உதறுவாள், நான் முறைப்பேன், நீங்கள் மட்டும் சிரிப்பீர்கள்.

அதுகூடப் பரவாயில்லை. அந்தக் காரை எங்கே நிறுத்தினீர்கள்? நம் வளவில் ஓடு போட்ட கொட்டில் சும்மா கிடந்தது. வாப்பா காருக்கென்றே கட்டியது. கடலுக்கும் அதற்கும் இடையில் மூன்று தெரு, காற்று வந்து சேருவதற்குள் களைத்துவிடும். "மாமாட காருக்குக் கட்டின கொட்டில்ல என்ட கார் நிக்காது" என்றீர்கள். உங்கள் பெயரில் இருந்த ஒரே நிலம், உங்கள் வாப்பா வழியில் கிடைத்த கடற்கரைத் தென்னந்துண்டு. அங்கே கிடுகுக் கொட்டில் போட்டீர்கள். கரைவலை இழுக்கிறவர்களின் தோணிகளுக்குப் பக்கத்தில் கொழும்புக் கார் நின்றது. வாடைக்காற்று தொடங்கினால் உப்புத்தூளை அள்ளி அள்ளி முகத்தில் அடிக்கிற இடம். "கடக்காத்து இரும்பத் திண்டுபோடும்" என்று மீன்காரிகூடச் சொன்னாள். அதற்குத்தானே மருதமுனைக்குப் போய்த் துணி நெய்வித்தீர்கள். குழந்தையைப் போர்த்துகிற மாதிரி ஒவ்வொரு மாலையும் போர்த்தினீர்கள். பருத்தித் துணி பனியையும் உப்பையும் குடித்துக்கொண்டு காரை ஈரத்திலேயே வைத்திருந்தது. காற்று தின்னாததை உங்கள் போர்வை தின்றது.

முதலில் மட்கார்டில் பெயின்ட் கொப்புளித்தது, அப்பத்தில் வருகிற மாதிரி. நகத்தால் தட்டினால் உள்ளே தூள். பிறகு நிக்கல் உரிந்தது. ஒரு மழை நாளில் கண்ணாடி இறங்கி, பொத்தானை எவ்வளவு அமத்தியும் ஏறவில்லை. கொழும்புக்குக் கடிதம் போட்டீர்கள். அந்த மாடல் இப்போது வருவதில்லை, அந்தச் சாமானும் வருவதில்லை, புதிய மாடலைப் பார்க்கலாமே என்று பதில் வந்தது. கார் வாங்கிப் பரீதாவுக்கு இரண்டு பாவாடை சின்னதாகியிருக்காது. அதற்குள் பழைய மாடலாம்! ஒருநாள் காலடிக் கம்பளத்தைத் தூக்கினேன், கீழே கடற்கரை மணல் தெரிந்தது. நான் சிரித்துவிட்டேன். நீங்கள் அன்று முழுதும் என்னோடு கதைக்கவில்லை.

பிறகு கதைத்தபோது வழக்காடினோம். "பழசெல்லாம் நீடிக்கிற மாதிரித்தான் தெரியும். நீடிக்காத பழசெல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயிட்டு, அத நாம காணல்ல" என்றீர்கள். நியாயமான பேச்சு. "மாமாட காருக்குக் கிழமைக்குக் கிழமை கிறீஸ் அடிச்சாங்க. இதுக்கு யாரு அடிச்ச?" என்றீர்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் நான் அந்த இரண்டு கார்களின் கதவையும் பிடித்தவள். ஒன்று தகடு, மற்றது தகரம். மலை உச்சியில் கராஜ் இல்லாத இடத்தில் ஒருவன் ஆயுள் முழுதும் வைத்து ஓட்டுவான் என்று நினைத்துச் செய்தது கறுப்புக் கார். வருகிற வருடம் வேறொன்று வாங்குவான் என்று நினைத்துச் செய்தது நீலக் கார். அதைச் செய்தவன் நம் கடற்கரையைக் கனவிலும் கண்டிருக்க மாட்டான். நீங்கள் கண்டிருந்தீர்கள். அங்கேயே பிறந்து, உப்புக் காற்றில் ஜன்னல் கொளுக்கி உக்கிப் போவதைப் பார்த்து வளர்ந்த மனிதன் நீங்கள்.

அந்த நாளுக்கு வருகிறேன். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வட்டையிலிருந்து வந்தீர்கள், நெஞ்சில் கை. சட்டை நனைந்திருந்தது. அப்போதிக்கரியைக் கூட்டிவந்தோம். அவர் நாடியைப் பிடித்துக்கொண்டே, "உடன மட்டக்களப்புக்குக் கொண்டு போங்க, சுணங்க வேணாம்" என்றார். "என்ட கார் இரிக்கு" என்று நீங்கள் எழும்பி நடந்தீர்கள். வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தீர்கள். நான் பக்கத்து வீட்டு ஆளை ஆதம்பாவாவிடம் ஓடச் சொல்லிவிட்டு உங்கள் பின்னால் ஓடினேன். முக்காடு நழுவியதுகூட எனக்குத் தெரியவில்லை.

பொத்தானை அமத்தினீர்கள். டிக் என்றது, இன்ஜின் எடுபடவில்லை. மறுபடி அமத்தினீர்கள், டிக். கரைவலைக்காரர்கள் வலையைப் போட்டுவிட்டு வந்து தள்ளினார்கள். கியர் இல்லாத கார் தள்ளி எடுபடாது என்று நீங்களே எனக்குச் சொன்னதுதான். ஆனாலும் தள்ளுங்கள் தள்ளுங்கள் என்றீர்கள். மணலில் இழுபட்டுத் தெரு விளிம்புக்கு வந்து நின்றது. ஹேண்டில் போட அந்தக் காருக்குத் துவாரம்கூட இல்லை. அப்போது ஆதம்பாவா வந்து சேர்ந்தார், கறுப்புக் காரில், இன்ஜினை நிறுத்தாமல்.

"மச்சான், ஏறுங்க. கெதியா."

"நீங்க போங்க மச்சான். என்ட இப்ப எடுபடும்."

ஆதம்பாவா என்னைப் பார்த்தார். நான் உங்கள் கதவைத் திறந்தேன். அல்லாஹ்வுக்காக இறங்குங்கள் என்றேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னீர்கள். "அந்தக் கார்லதான் உன்ட ஊட்டுக்கு வந்தன்கா. போறதும் அதுலயா?"

எனக்கு வந்த கோபம்! "மாமாட கார் இல்ல அது, வாடகைக் கார்! ஊரு உலகமெல்லாம் ஏறுற கார்!" என்று அத்தனை ஆண்களுக்கு முன்னால் கத்தினேன். நீங்கள் மறுபடி பொத்தானை அமத்தினீர்கள். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை அமத்தினீர்கள். பிறகு தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது. ஹோர்ன்கூட அடிக்கவில்லை, பெட்டரி அவ்வளவுக்குச் செத்திருந்தது. கரைவலைக்காரர்கள்தான் உங்களைத் தூக்கிக் கறுப்புக் காரில் கிடத்தினார்கள்.

தலை என் மடியில் இருந்தது. பெரியநீலாவணையைத் தாண்டும்போது கண்ணைத் திறந்தீர்கள். கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்துவிட்டு, "இது இன்னும் நல்லாத்தான் ஓடுது" என்றீர்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பரீதாவைப் பற்றி ஒரு சொல் இல்லை, என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. களுவாஞ்சிக்குடி தாண்டியதும் கை குளிர்ந்தது. மட்டக்களப்பில் டொக்டர், "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாமே, வாகனம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். பாவம், நல்ல மனிதர். இரண்டு கார் இருந்தது டொக்டர், எது தன்னுடையது என்று இவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆதம்பாவா தலையைக் குனிந்துகொண்டார்.

நீலக் காரை முந்தாநாள் இரும்புக்காரன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். தூக்கும்போது இரண்டாக முறிந்ததாம். அதற்குப் பிறகுதான் இந்தப் போர்வை வீட்டுக்கு வந்தது.

நேற்று ஆதம்பாவா வந்தார். பரீதாவுக்குச் சம்பந்தம் பேசுவது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. மாப்பிள்ளை வாத்தியார், நல்ல பிள்ளை என்கிறார்கள். திரைக்கு அப்பால் இருந்து ஆதம்பாவா சொன்னார். "ராத்தா, மாப்புள ஊட்டார் கார் ஒண்டு இரிந்தா நல்லமெண்டு கதைக்காங்களாம். உங்கட வாப்பாட கார எடுங்க. எனக்கு லாபம் ஒண்டும் வேணாம். இன்னும் இருவது வருசம் ஓடும்."

ஓடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் மருமகனையும் அது தாண்டி ஓடும். கதவு மறைவில் நின்ற பரீதாவின் முகத்தில் ஆசை தெரிந்தது.

வேண்டாம் என்றேன். வீடு அவளுக்கு எழுதியாகிவிட்டது, வயலும் கொடுப்பேன், கார் கொடுக்க மாட்டேன். பரீதா இரவு சோறு தின்னவில்லை. இன்று மத்தியானம் சம்பந்தம் பேசுகிற பெரியவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். மாப்பிள்ளை சைக்கிளில் வரட்டும், நடந்து வரட்டும், அது அவர் பாடு என்றேன். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். நிக்காஹ்வுக்கு முன்னால், பள்ளியில், நாலு பேர் கேட்க அவர் ஒரு வாக்குச் சொல்ல வேண்டும். நெஞ்சு நோகுதெண்டா எவன்ட வண்டியெண்டு கேக்காம ஏறுவன் எண்டு சொல்ல வேண்டும்.

பெரியவர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே! "இதெல்லாம் பள்ளியில சொல்லுற கதையா புள்ள? ஊரு சிரிக்காதா?" என்றார். சிரிக்கட்டும். சம்பந்தம் முறிந்தால் முறியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வாக்கை வாங்காமல்தான் எங்கள் வாப்பா என்னை உங்கள் கையில் பிடித்துக் கொடுத்தார்.